மொத்த மார்க் மட்டும் வரும், விடைத்தாள் வராது: ஆண்ட்ரூ பார்ட்டோ விடாம பிடிச்ச ஒரே கேள்வி

2025 மார்ச் 5ஆம் தேதி கம்ப்யூட்டர்காரங்களோட சங்கமான ஏசிஎம், கம்ப்யூட்டர் உலகத்தோட நோபல்னு சொல்ற டூரிங் அவார்டை 2024ஆம் வருஷத்துக்கு ஆண்ட்ரூ பார்ட்டோ, ரிச்சர்ட் சட்டன்னு ரெண்டு பேருக்கும் சேர்த்து அறிவிச்சுது. 10 லட்சம் டாலர் பரிசு, காசு கூகுளோடது. மெஷின் லேர்னிங் படிக்கிறவங்களுக்கு இந்த ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே ஆள் மாதிரிதான், 'சட்டன் அண்ட் பார்ட்டோ'ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு போயிருவோம், ஏன்னா நம்மள்ல முக்காவாசி பேரு ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் (சுருக்கமா ஆர்எல், பரிசு-தண்டனைய வச்சு மெஷின் தானா கத்துக்கிறது) கத்துக்கிட்ட பாடப்புத்தகத்தோட அட்டையில அப்படித்தான் போட்டிருக்கும். இதுல சட்டன் நல்லா பேசுவாரு, வம்புக்கு இழுக்குற மாதிரி எழுதுவாரு, அவரு பேட்டி யூடியூப்ல நெறைய கெடைக்கும். பார்ட்டோ அடக்கமான டைப். 1977ல மாசசூசெட்ஸ் யூனிவர்சிட்டியோட ஆம்ஹெர்ஸ்ட் கேம்பஸ்ல போஸ்ட்டாக்கா (பிஹெச்டி முடிச்சு வர்ற ஆராய்ச்சியாளரா) சேர்ந்தவரு, 2012ல அதே டிபார்ட்மென்ட்ல ப்ரொஃபசரா ரிட்டயர் ஆனாரு, அவ்ளோதான் பயோடேட்டா. ஆனா ஆர்எல்னா என்னன்னு உள்ளுக்குள்ள இருந்து புரிஞ்சுக்கணும்னா பார்ட்டோவோட கேரியர ஒரு ஓட்டு ஓட்டிப் பாக்குறதுதான் நல்ல வழின்னு எனக்குத் தோணுது, ஏன்னா அந்த 35 வருஷமும் பெரும்பாலும் ஒரே கேள்வியச் சுத்தித்தான் போயிருக்கு.

அந்தக் கேள்வி என்னன்னு முதல்ல பாத்துருவோம். பரீட்சை எழுதுறோம், திருத்துன விடைத்தாள் கைக்கு வருது, எந்தக் கேள்வியில கோட்டை விட்டோம், சரியான விடை என்னன்னு சிவப்பு மையில எழுதியிருக்கு, அதப் பாத்து திருத்திக்கிறது சுலபம். இதுதான் சூப்பர்வைஸ்டு லேர்னிங், பூனைப் படம் நாய்ப் படம் பிரிக்கிற வேலையெல்லாம் இந்த வகை. ஆர்எல்ல விடைத்தாளே வராது, 43னு மொத்த மார்க் மட்டும் நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டு போயிர்றாங்க, அதுவும் ரெண்டு மாசம் கழிச்சு, சரியான விடை என்னன்னு கடைசி வரைக்கும் யாரும் சொல்லப் போறதில்ல. அடுத்த தடவ எத மாத்தி எழுதுவீங்க? எந்த வரிக்கு மார்க் வந்துச்சு, எந்த வரி கவுத்துச்சு? 1961லயே மார்வின் மின்ஸ்கி இதுக்கு கிரெடிட் அசைன்மென்ட் ப்ராப்ளம்னு பேரு வச்சுட்டாரு. பேரு வச்சதோட சரி, ஏஐ ஆளுங்க அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு இந்தப் பக்கம் பெருசா தலைவச்சு படுக்கல.

பார்ட்டோ மிச்சிகன் யூனிவர்சிட்டியில முதல்ல சேர்ந்தது கப்பல் வடிவமைக்கிற இன்ஜினியரிங் படிப்புல. நடுவுல மெக்கல்லோக், பிட்ஸ், மைக்கேல் ஆர்பிப் இவங்க எழுதுனதெல்லாம் படிச்சு, மூளைய கணக்காவும் கம்ப்யூட்டர்லயும் மாடல் பண்ணலாம்ங்கிற எண்ணம் புடிச்சுப் போயி மேத்ஸுக்கு மாறி 1970ல டிகிரி வாங்குனாரு. அங்கேயே 1975ல பிஹெச்டி, தீசிஸ் செல்லுலார் ஆட்டோமேட்டா (பக்கத்து கட்டங்களப் பாத்து தன் நிலைய மாத்திக்கிற கட்டங்கள்) பத்தி. அந்தக் காலத்து மிச்சிகன்ல பரிணாமத்தப் பாத்து உருவாக்குன ஜெனடிக் அல்காரிதம் புகழ் ஜான் ஹாலண்டும் இருந்தாரு, இயற்கை எப்படி கத்துக்குது, எப்படி தகவமைச்சுக்குதுன்னு கம்ப்யூட்டர் வச்சு யோசிக்கிற ஒரு கூட்டமே அங்க இருந்துச்சு. அங்க இருந்து வந்த ஆளு இந்தக் கேள்வியில மாட்டுனதுல ஆச்சரியம் இல்ல.

ஆம்ஹெர்ஸ்ட் வேலை வந்த கதைதான் வினோதம். அமெரிக்க ஏர்ஃபோர்ஸ்ல ஹாரி க்ளோஃப்னு ஒரு விஞ்ஞானி இருந்தாரு, அவரு 1972ல ஒரு ரிப்போர்ட் எழுதியிருந்தாரு. மூளையில இருக்குற ஒவ்வொரு நியூரானும் (நரம்பு செல்லும்) தனித்தனியா சுகம் தேடுற சுயநலப் பிராணி, தூண்டல் கெடைச்சா அதுக்கு இன்பம், அடக்குற சிக்னல் வந்தா துன்பம், இப்படி கோடிக்கணக்கான சுயநலவாதிங்க சேர்ந்து நடத்துற கூத்துதான் அறிவுங்கிறது அவரோட வாதம். அதுவரைக்கும் இருந்த சைபர்னெடிக்ஸ் (உயிரும் மெஷினும் தன்னத்தானே எப்படி கட்டுப்படுத்திக்குதுன்னு பாக்குற துறை) ஆளுங்க எல்லாம் உயிருங்க சமநிலைய நோக்கிப் போகுதுன்னு சொல்லிட்டு இருந்தாங்க, ஏசி ரூம் டெம்பரேச்சர புடிச்சு வைக்கிற மாதிரி. க்ளோஃப் இல்லவே இல்ல, உயிரு எதையோ ஒண்ணக் கூட்டிக்கிட்டே போகப் பாக்குதுன்னு சொன்னாரு. கேக்க கொஞ்சம் கிறுக்குத்தனமாத்தான் இருக்கு. இதுல சரக்கு இருக்கா இல்லையான்னு ஆராயச் சொல்லி ஏர்ஃபோர்ஸ் காசு குடுத்துச்சு, அந்த ப்ராஜெக்ட்லதான் பார்ட்டோ போஸ்ட்டாக். அடுத்த வருஷம் வந்து சேர்ந்தவருதான் சட்டன், ஸ்டான்ஃபோர்டுல சைக்காலஜி படிச்சவரு, படிக்கும்போதே க்ளோஃபுக்கு லெட்டர் போட்டு தொடர்பு வச்சிருந்தவரு. பார்ட்டோவோட முதல் பிஹெச்டி மாணவர்னு சொன்னாலும், ரெண்டு பேருக்கும் இருந்தது கைடு-ஸ்டூடன்ட் உறவ விட கூட்டாளி உறவுதான்.

1979 கடைசியில இவங்களுக்கு ஒரு விஷயம் உறைச்சுது. க்ளோஃப் சொன்னதுல நியூரான் சுகம் தேடுதுங்கிற பகுதிய ஓரமா வச்சுட்டு, வெறும் எலும்பக் கூட்ட மட்டும் எடுத்துக்கிட்டா என்ன மிஞ்சுது? 'எதையோ வேணும்னு நெனைக்கிற, அது கூடுற மாதிரி தன் நடத்தைய மாத்திக்கிற ஒரு சிஸ்டம்.' இவ்ளோ எளிமையான ஐடியாவ யாராவது எப்பவோ அக்குவேறா ஆணிவேறா அலசியிருப்பாங்கன்னுதான் ரெண்டு பேரும் நெனைச்சாங்க. தேடிப் போய்ப் பாத்தா, ஆராய்ச்சி பண்றோம்னு சொன்ன பல பேரு நெசமா பண்ணது வேற. 1954ல ஃபார்லி, கிளார்க்னு ரெண்டு பேரு முயற்சி-தவறு முறையில கத்துக்குற நெட்வொர்க் செஞ்சாங்க, அடுத்த வருஷமே பேட்டர்ன் ரெகக்னிஷன் (உருவங்கள அடையாளம் காணுறது) பக்கம் போயிட்டாங்க. நியூரல் நெட்வொர்க் (மூளை மாதிரி இணைஞ்ச கணக்கு வலை) முன்னோடிங்க ரோசன்பிளாட், விட்ரோ இவங்க பேசும்போது பரிசு, தண்டனைன்னு பேசுனாலும் செஞ்ச மெஷின் சரியான விடையப் பாத்து திருத்திக்கிற மெஷின்தான். மொத்த மார்க்க வச்சு கத்துக்கிறதும் விடைத்தாள வச்சு கத்துக்கிறதும் ஒண்ணுன்னு எல்லாரும் கலந்து கட்டி வச்சிருந்தாங்க. என்னோட கணிப்புல பார்ட்டோவோட முதல் பெரிய பங்களிப்பு எந்த அல்காரிதமும் இல்ல, இது ரெண்டும் வேற வேறன்னு திரும்பத் திரும்ப, விடாம, பொறுமையா எழுதுனதுதான். இதெல்லாம் பேப்பர் எண்ணிக்கையில தெரியாத வேலை.

தனிச்சு நின்ன ஒரு சில பேருல டொனால்ட் மிச்சிய சொல்லியே ஆகணும். பிரிட்டிஷ்காரரு, ரெண்டாம் உலகப் போர்ல டூரிங் கூட ப்ளெட்ச்லி பார்க்ல இருந்தவரு. கம்ப்யூட்டர் கைக்கு எட்டாத 1961ல 304 தீப்பெட்டிய ஒட்டி, உள்ள கலர் மணியப் போட்டு, எக்ஸ்-ஓ விளையாட்டு கத்துக்குற மெஷின் பண்ணாரு. ஆட்டத்துல ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெட்டி, மணிய குலுக்கி எடுத்து அந்தக் கலர் சொல்ற கட்டத்துல ஆடணும், ஜெயிச்சா அதே கலர் மணிய கூட்டிப் போடு, தோத்தா எடுத்துரு. அப்புறம் 1968ல சேம்பர்ஸ் கூட சேர்ந்து இதே பெட்டி ஐடியாவ ஒரு வண்டி மேல குச்சிய நிக்க வைக்கிற வேலைக்கு கொண்டு வந்தாரு.

அந்த வண்டி-குச்சி சமாச்சாரத்ததான் பார்ட்டோ, சட்டன், சார்லஸ் ஆண்டர்சன் மூணு பேரும் 1983ல எடுத்துக்கிட்டாங்க, ஐஇஇஇ ஜர்னல்ல வந்த பேப்பர், இன்னிக்கும் ஆர்எல் படிக்க ஆரம்பிக்கிற ஒவ்வொரு பையனும் பொண்ணும் முதல்ல ஓட்டிப் பாக்குற கார்ட்-போல் இதுதான். தண்டவாளத்துல ஓடுற ஒரு குட்டி வண்டி, மேல கீல் போட்டு ஒரு குச்சி. ஒரு வினாடியில 50 தடவ வண்டிய இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளணும், வேற எதுவும் செய்ய முடியாது. குச்சி 12 டிகிரிக்கு மேல சாஞ்சாலோ வண்டி தண்டவாள ஓரத்துல முட்டினாலோ ஆட்டம் முடிஞ்சுது, அப்போ மட்டும் மைனஸ் ஒண்ணு வரும், மத்த நேரம் எல்லாம் பூஜ்யம். கவனிங்க, 'இப்போ வலது பக்கம் தள்ளியிருக்கணும்'னு யாரும் சொல்றதே இல்ல. குச்சி விழுந்ததுக்குக் காரணம் கடைசியா தள்ளுனதா, ரெண்டு வினாடி முன்னாடி செஞ்ச தப்பா? வண்டி எங்க இருக்கு, எவ்ளோ வேகம், குச்சி எவ்ளோ சாஞ்சிருக்கு, சாயுற வேகம் எவ்ளோன்னு நாலு நம்பர துண்டு போட்டா 162 பெட்டி வரும். மிச்சியோட பழைய முறை ஆட்டம் முடியுற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் போன வழியில இருந்த பெட்டிங்கள அப்டேட் பண்ணும்.

இந்த மூணு பேரும் பண்ண மாத்தம், ஒரு ஆளுக்குப் பதிலா ரெண்டு ஆள வச்சாங்க. ஒண்ணு எந்தப் பக்கம் தள்ளுறதுன்னு முடிவு பண்ற ஆக்டர். இன்னொண்ணு க்ரிட்டிக், அது எதையும் தள்ளாது, சும்மா பாத்துக்கிட்டே 'இப்போ இருக்குற நிலைமை எவ்ளோ ஆபத்து'ன்னு ஒரு நம்பர் சொல்லிக்கிட்டே இருக்கும். ஆரம்பத்துல அது சொல்றதும் உளறல்தான். ஆனா இந்த நிமிஷம் சொன்ன நம்பருக்கும் அடுத்த நிமிஷம் சொல்ற நம்பருக்கும் வித்தியாசம் இருக்குல்ல, அதுலதான் விஷயமே இருக்கு. ஆபத்து 20னு சொன்ன இடத்துல இருந்து ஒரு தள்ளு தள்ளுனதும் ஆபத்து 60 ஆச்சுன்னா, குச்சி இன்னும் விழவே இல்லைன்னாலும் அந்தத் தள்ளு சரியில்லன்னு அங்கேயே தெரிஞ்சு போச்சு, ஆட்டம் முடியுற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. அதே வித்தியாசத்த வச்சு க்ரிட்டிக் தன்னோட பழைய கணிப்பையும் திருத்திக்கும், 20னு சொல்லியிருக்கக் கூடாது, இன்னும் கூட சொல்லியிருக்கணும்னு. ஒரு கணிப்ப இன்னொரு கணிப்ப வச்சு திருத்துறது, முதல் தடவ கேக்கும்போது இது ஏதோ கண்கட்டு வித்தை மாதிரி தெரியும், ஆனா நெசமான மைனஸ் ஒண்ணு எங்கேயோ ஒரு ஓரத்துல வந்துக்கிட்டு இருக்குறதால அந்தத் தகவல் கொஞ்சம் கொஞ்சமா பின்னோக்கி கசிஞ்சு வந்துரும். இதுக்குப் பேருதான் டெம்பரல் டிஃபரன்ஸ், சுருக்கமா டிடி. சட்டன் 1984 தீசிஸ்லயும் 1988 பேப்பர்லயும் இத முழுசா வளர்த்து எடுத்தாரு. இதோட க்ளோஃப்கிட்ட இருந்து வந்த ஒரு ஐடியாவும் சேரும், கொஞ்ச நேரம் முன்னாடி நாம இருந்த பெட்டிங்களுக்கு ஒரு அடையாளம் வச்சு, நேரம் போகப் போக அந்த அடையாளத்த மங்க விட்டு, பழியோ புகழோ வரும்போது அந்த அளவுக்கு ஏத்த மாதிரி பங்கு பிரிச்சுக் குடுக்கிறது. எல்லாம் சேர்த்து அந்த சிஸ்டம் கத்துக்கிட்டது மொத்தமும் ஆக்டருக்கு 162, க்ரிட்டிக்குக்கு 162ன்னு 324 நம்பர்ல அடங்கிரும். இன்னிக்கு நாம பில்லியன் கணக்குல பேசுறோம்.

இது எல்லாம் நடந்த நேரத்தையும் பாக்கணும். 80கள்ல ஏஐன்னா எக்ஸ்பர்ட் சிஸ்டம், டாக்டர்கிட்ட இன்ஜினியர்கிட்ட கேட்டு விதிய எழுதி வைக்கிறது. 1986ல தப்ப பின்னோக்கி அனுப்பி நெட்வொர்க்க திருத்துற பேக்ப்ராப்பகேஷன் பிரபலமாகி நியூரல் நெட்வொர்க் திரும்ப உயிர்த்து எழுந்தப்ப, அந்த அலையும் விடைத்தாள் வகையத்தான் தூக்கிட்டுப் போச்சு. ரெண்டு அலையிலயும் ஆர்எல் ஓரத்துல. அவார்டு வாங்குனப்ப பார்ட்டோவே சொன்னாரு, ஆரம்பிக்கும்போது இந்த வேலைக்கு மவுசே இல்லன்னு. 1982ல அசோசியேட் ப்ரொஃபசர், 1991ல ஃபுல் ப்ரொஃபசர், ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாடி 2007ல இருந்து 2011 வரைக்கும் டிபார்ட்மென்ட் சேர், இப்படி சத்தம் இல்லாத ஏறுமுகம்.

சும்மா இன்ஜினியரிங்கா மட்டும் இருந்திருந்தா இது ஒரு கன்ட்ரோல் தியரி மூலையிலயே நின்னிருக்கும். ஆனா பார்ட்டோவும் சட்டனும் ஆரம்பத்துல இருந்தே ஒரு கால விலங்குகள் எப்படி கத்துக்குதுங்கிற பக்கம் வச்சிருந்தாங்க, 1981லயே சைக்காலஜி ஜர்னல்ல மணிச் சத்தத்துக்கு எச்சில் ஊறப் பழகுன பாவ்லோவ் நாய் வகை பரிசோதனைகளுக்கு மாடல் போட்டு பேப்பர் எழுதியிருந்தாங்க. அதுக்கு வட்டியும் முதலுமா பலன் வந்தது 90கள்ல. மூளை விஞ்ஞானி வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குங்களோட டோபமின் நியூரான அளந்துக்கிட்டு இருந்தாரு. எதிர்பார்க்காம ஜூஸ் கெடைச்சா அந்த நியூரான் படபடன்னு அடிக்குது. விளக்கு எரிஞ்சா ஜூஸ் வரும்னு குரங்கு பழகிட்டா, விளக்குக்கு அடிக்குது, ஜூஸுக்கு சும்மா இருக்கு. விளக்கு எரிஞ்சும் ஜூஸ் வரலைன்னா, ஜூஸ் வந்திருக்க வேண்டிய அந்த நொடியில வழக்கத்த விட கம்மியா அடிக்குது. டோபமின்னா இன்ப ரசாயனம்னு நெனைச்சுட்டு இருந்தா இது புரியாத புதிர். டிடி தெரிஞ்சவங்களுக்கு இது பாத்ததும் புரியும், எதிர்பார்த்ததுக்கும் நடந்ததுக்கும் உள்ள வித்தியாசம், அந்த க்ரிட்டிக் அனுப்புற அதே சிக்னல். 1995ல பார்ட்டோ மூளையோட உள்பகுதியான பேசல் கேங்லியாவ க்ரிட்டிக்கா பாக்குற ஒரு கட்டுரை எழுதினாரு, 1997ல ஷுல்ட்ஸ், பீட்டர் டயன், ரீட் மாண்டேக் மூணு பேரும் சயன்ஸ் இதழ்ல எழுதுனது இன்னிக்கு நியூரோசயன்ஸ் பாடம். கம்ப்யூட்டர்காரங்க குச்சிய நிக்க வைக்க எழுதுன சமன்பாடு மூளைக்குள்ள அளந்து பாத்த டேட்டாவோட பொருந்துனது, ஏஐ வரலாறுல ரொம்ப அபூர்வமான சமாச்சாரம். மூளைய காப்பி அடிச்சோம்னு சொல்ற பேப்பர் ஆயிரம் இருக்கு, மூளைய விளக்குன பேப்பர் கொஞ்சம்தான்.

இன்னொரு பக்கம் கணக்கு. கணித ஆளு ரிச்சர்ட் பெல்மேன் 50கள்லயே டைனமிக் ப்ரோக்ராமிங்னு ஒண்ண குடுத்துட்டாரு, எல்லா நிலையும் தெரிஞ்சா, எங்க இருந்து எங்க போவோம்ங்கிற நிகழ்தகவு எல்லாம் தெரிஞ்சா, சிறந்த முடிவ கணக்குப் போட்டு எடுத்துரலாம். பிரச்சினை என்னன்னா நெசத்துல எதுவும் தெரியாது, தெரிஞ்சாலும் நிலைகளோட எண்ணிக்கை வானத்துக்குப் போயிரும். கேம்பிரிட்ஜ்ல கிறிஸ் வாட்கின்ஸ் 1989 தீசிஸ்ல க்யூ-லேர்னிங் (எந்த நிலையில எதச் செஞ்சா எவ்ளோ பலன்னு கத்துக்கிறது) மூலமா ஆர்எல்லையும் பெல்மேனையும் ஒரே கோட்டுல கட்டுனாரு. பார்ட்டோ தன் மாணவர்கள் பிராட்கே, சதீந்தர் சிங் கூட சேர்ந்து 1995ல எழுதுன பேப்பர் அதோட தொடர்ச்சி, மொத்த உலகத்தையும் கணக்குப் போடாத, நீ நடந்து போற வழியில இருக்குற இடத்துக்கு மட்டும் போடுன்னு. ஆர்எல்லுக்கு மரியாதை கெடைச்சது இந்தக் கட்டத்துலதான்னு சொல்லலாம்.

எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது லிஃப்ட் பேப்பர். ராபர்ட் கிரைட்ஸ்னு ஒரு மாணவர், பார்ட்டோ கூட சேர்ந்து பண்ணது. பத்து மாடி கட்டடம், நாலு லிஃப்ட், சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்குக் கெளம்புற நேரம். மாடியில இருக்குற பட்டன் 18, லிஃப்டுக்குள்ள இருக்குற பட்டன் மொத்தம் 40, லிஃப்டுங்க எங்க எந்தத் திசையில போகுதுங்கிறது வேற, பெருக்கிப் பாத்தா நிலைகளோட எண்ணிக்கை ஒண்ணுக்குப் பின்னாடி 22 சைபர் போட்டாலும் அதைத் தாண்டிரும். பெட்டியெல்லாம் போட முடியாது, அதனால நியூரல் நெட்வொர்க். நாலு லிஃப்டும் தனித்தனி ஏஜென்ட் (தானா முடிவெடுத்து கத்துக்கிற ஆள்), ஆனா நாலுக்கும் ஒரே மார்க், அப்படின்னா தப்பு என்னோடதா பக்கத்து லிஃப்டோடதான்னு ஒவ்வொண்ணும் குழம்பணும், அதே கிரெடிட் கேள்வி இப்போ ஆளுங்களுக்கு நடுவுல. காத்திருக்குற நேரத்த அப்படியே கூட்டாம, வர்க்கம் எடுத்து கூட்டுனாங்க. காரணம், வெறும் சராசரிய குறைக்கச் சொன்னா எட்டாவது மாடியில ஒருத்தர பத்து நிமிஷம் நிக்க வச்சுட்டு மத்தவங்கள சீக்கிரம் எறக்கி கணக்க சரிக்கட்டிரும், வர்க்கம் எடுத்தா அந்த ஒருத்தரோட பத்து நிமிஷம் பூதாகரமா தெரியும். சிமுலேஷன்ல 60,000 மணி நேர லிஃப்ட் ஓட்டம், அன்னிக்கு இருந்த கம்ப்யூட்டர்ல நாலு நாள் ஓடுச்சாம். அப்போ கைவசம் இருந்த நல்ல லிஃப்ட் கன்ட்ரோல் முறைகள சிமுலேஷன்ல தோக்கடிச்சுது. நெசமான கட்டடத்துல இல்ல, அதையும் சொல்லிரணும், ஆர்எல் பேப்பர் படிக்கும்போது 'சிமுலேஷன்ல'ங்கிற வார்த்தைய தவற விட்டுரக் கூடாது.

அதே காலத்துல ஐபிஎம்ல ஜெரால்ட் டெசாரோ, டிடி முறைய பகடை உருட்டி ஆடுற பேக்கேமன் ஆட்டத்துக்குப் போட்டு, தனக்குத்தானே 15 லட்சம் ஆட்டம் வரைக்கும் ஆட விட்டு, உலகத்தர ஆட்டக்காரங்க கிட்ட போய் நிறுத்துனாரு, சில தொடக்க நகர்வுகள மனுஷங்களே அதப் பாத்து மாத்திக்கிட்டாங்க. ஆம்ஹெர்ஸ்ட்ல வெதச்சது இப்படித்தான் வெளிய மொளைக்க ஆரம்பிச்சுது.

1998ல எம்ஐடி பிரஸ்ல அந்தப் பாடப்புத்தகம் வந்துச்சு, 2018ல ரெண்டாவது பதிப்பு. நெட்ல இலவசமா படிக்கலாம், அது சின்ன விஷயம் இல்ல, திருநெல்வேலியிலயோ யாழ்ப்பாணத்துலயோ உக்காந்து ஒரு பையன் ஆர்எல் கத்துக்க முடியுதுன்னா அதுக்கு அந்த முடிவும் ஒரு காரணம். மொதல் பாதியில டீப் லேர்னிங்கும் (பல அடுக்கு நியூரல் நெட்வொர்க்கும்) கிடையாது ஜிபியூவும் கிடையாது, வெறும் டேபிள், கட்டம், சூதாட்ட மெஷின் இத வச்சே கருத்த உள்ள எறக்கிருவாங்க.

பார்ட்டோவோட லேப்புக்கு வந்து போனவங்க லிஸ்ட்டப் பாத்தா தலை சுத்தும். மைக்கேல் ஜோர்டன், பாஸ்கெட்பால் ஆள் இல்ல, மெஷின் லேர்னிங் ஜோர்டன், 80கள் நடுவுல அங்க போஸ்ட்டாக். ராபர்ட் ஜேகப்ஸ், ஜோர்டன், பார்ட்டோ மூணு பேரும் 1991ல, ஒரே நெட்வொர்க்க எல்லாத்துக்கும் பழக்காம சின்னச் சின்ன நெட்வொர்க்குங்கள போட்டி போட விட்டு வேலைய பிரிச்சுக்க வைக்கிற ஒரு பேப்பர் எழுதுனாங்க, இன்னிக்கு பெரிய லாங்குவேஜ் மாடல்கள்ல இருக்குற மிக்ஸ்ச்சர் ஆஃப் எக்ஸ்பர்ட்ஸோட பூர்வீகம் அந்தப் பக்கம்தான். ஐஐடி மெட்ராஸ்ல படிச்சுட்டு ஆம்ஹெர்ஸ்ட் போன பி. ஆனந்தன், பார்ட்டோ கூட 1985ல ரிவார்ட்-பெனால்ட்டி அல்காரிதம் பேப்பர் எழுதுனாரு, அப்புறம் கம்ப்யூட்டர் விஷன் பக்கம் போயி, 2005ல பெங்களூர்ல மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவ ஆரம்பிச்சு நடத்துனவரு அவருதான்.

சென்னை கதை பாலராமன் ரவீந்திரனோடது. ஆர்எல்னா இந்தியாவுல யாருக்கும் தெரியாத 1994ல, சத்திய கீர்த்தியும் ரவீந்திரனும் 'சாதனா' ஜர்னல்ல ஆர்எல் பத்தி ஒரு டுடோரியல் சர்வே எழுதியிருந்தாங்க. அப்புறம் ரவீந்திரன் ஆம்ஹெர்ஸ்ட் போயி பார்ட்டோகிட்ட 2004ல பிஹெச்டி முடிச்சாரு, தீசிஸ் ஆர்எல்ல சுருக்கிப் பாக்குற வேலைக்கு அல்ஜீப்ரா போடுறது. அந்த வண்டி-குச்சியவே எடுத்துக்குங்க, குச்சி இடப்பக்கம் சாயுற நிலைமையும் வலப்பக்கம் சாயுற நிலைமையும் கண்ணாடி பிம்பம்தான், ஒண்ணுல கத்துக்கிட்டா இன்னொண்ணு ஓசியில வந்துரணும், எந்த ரெண்டு நிலைமைய இப்படி ஒண்ணா பாக்கலாம்ங்கிறத கணக்கா சொல்றதுதான் சாராம்சம். இப்போ ஐஐடி மெட்ராஸ்ல டேட்டா சயன்ஸ்-ஏஐ ஸ்கூலோட தலைவர் அவரு, ஆன்லைன் பாடத்திட்டமான என்பிடெல்ல இருக்குற அவரோட ஆர்எல் கோர்ஸ் பாத்து கத்துக்கிட்டவங்க நம்ம ஊர்ல ஏராளம். ஆக பார்ட்டோ போர்டுல எழுதுனது ஒரு சுத்து சுத்தி அடையாறு வரைக்கும் வந்திருக்கு.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும், அதனால வேகமா போயிர்றேன். 2015ல கூகுளோட டீப்மைண்ட், க்யூ-லேர்னிங்க டீப் நெட்வொர்க்கோட சேர்த்து 49 அட்டாரி கேம்ல ஓட்டுச்சு, 2016 மார்ச்ல சியோல்ல அவங்களோட ஆல்ஃபாகோ, கோ ஆட்டத்துல சாம்பியன் லீ சேடோல 4-1ன்னு ஜெயிச்சுது. 2022ல சாட்ஜிபிடி வந்தப்ப அதுக்குள்ளயும் இதே ஆக்டரும் க்ரிட்டிக்கும்தான். மாடல் குடுக்குற ரெண்டு பதில்ல எது நல்லா இருக்குன்னு மனுஷங்கள கேட்டு, அத வச்சு ஒரு ரிவார்ட் மாடல் பழக்கி, அந்த மார்க்க ஏத்துற மாதிரி லாங்குவேஜ் மாடல ஆர்எல்ல திருத்துறது. அதுக்கு அப்போ போட்ட பிபிஓ அல்காரிதம்ல ஆக்டர் ஒண்ணு, க்ரிட்டிக் ஒண்ணு, 1983 பேப்பரோட பேரனுங்கன்னே சொல்லலாம். வேடிக்கை என்னன்னா 2025 ஜனவரியில வந்த டீப்சீக் ஆர்1ல க்ரிட்டிக்க தூக்கிட்டாங்க, ஒரே கேள்விக்கு பல பதில் எழுத விட்டு, அந்தக் கூட்டத்தோட சராசரிய விட எது மேல எது கீழன்னு பாத்தா போதும்னு. க்ரிட்டிக்குன்னு தனியா இன்னொரு பெரிய நெட்வொர்க் வச்சு ஓட்டுற செலவு மிச்சம். ஆனா பல ஆயிரம் வார்த்தை யோசிச்சு எழுதுன பதில் கடைசியில தப்புன்னு ஆனா, அதுல எந்த வார்த்தை தப்புக்குக் காரணம்னு அது பிரிச்சுப் பாக்குறதில்ல, மொத்தத்துக்கும் ஒரே மார்க். மின்ஸ்கி பேரு வச்ச பிரச்சினைய தீர்க்காம கம்ப்யூட்டர் பலத்தால தாண்டிப் போறாங்க, எவ்ளோ தூரம் போகும்னு பாக்கணும்.

மார்க் எப்படி போடுறோம்ங்கிறதுதான் மிச்ச தலைவலி. 2016ல ஓப்பன்ஏஐ ஒரு படகு ரேஸ் கேம்ல ஏஜென்ட்ட பழக்குனாங்க, வழியில இருக்குற இலக்குங்கள இடிச்சா பாயிண்ட். அது ரேஸையே முடிக்கல, ஒரு குளம் மாதிரி இடத்துல வட்டம் அடிச்சு, திரும்பத் திரும்ப முளைக்கிற மூணு இலக்க இடிச்சுக்கிட்டே, நெருப்புப் புடிச்சு எரிஞ்சுக்கிட்டே, மனுஷங்கள விட சராசரியா 20 சதவீதம் கூட ஸ்கோர் எடுத்துச்சு. அது எந்தத் தப்பும் பண்ணல, கேட்டதத்தான் குடுத்துச்சு. லிஃப்ட் பேப்பர்ல காத்திருக்குற நேரத்துக்கு வர்க்கம் எடுத்தாங்களே, அந்த மாதிரி கவனம் இங்க இல்ல. மனுஷங்களுக்குப் புடிச்ச பதிலுக்கு மார்க் குடுத்தா லாங்குவேஜ் மாடல் ஜால்ரா அடிக்கக் கத்துக்குது, அதுவும் இதே கதைதான்.

அதனாலதான் அவார்டு அறிவிச்ச அன்னிக்கு பேட்டியில பார்ட்டோ சொன்னத நான் சும்மா பெரியவர் புலம்பலா எடுத்துக்கல. சரியான பாதுகாப்பு ஏற்பாடு இல்லாம கோடிக்கணக்கான பேருகிட்ட சாஃப்ட்வேர அவுத்து விடுறது நல்ல இன்ஜினியரிங் பழக்கமே இல்ல, பாலத்தக் கட்டிட்டு ஜனங்கள நடக்க விட்டு டெஸ்ட் பண்ற மாதிரி இருக்குன்னு ஏஐ கம்பெனிகள குத்திக் காட்டுனாரு. பரிசுக் காசு குடுக்குறதே அந்தக் கம்பெனிகள்ல ஒண்ணு.